பம்பு ஓடுகிறது, டேங்க் நிறையவில்லை: ஜீப்பில் நாமே கட்டிய டீசல் ஊற்றும் செட்டுக்குக் கோளாறு பார்க்கும் வழி

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி தாண்டி மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி என்று கடலை ஒட்டியே மணலிலும் உடைமரக் காட்டிலும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு டீசல் ஒரு தனிக் கவலை. பங்க் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருக்கும். மணலுக்குள் லோ கியரில் உழுதுகொண்டு போகிற ஜீப்போ தார்ச்சாலையில் குடிப்பதைவிட ரொம்பவே அதிகம் குடிக்கும். அதனால் பின்னால் ஒரு பேரலோ சில 20 லிட்டர் கேன்களோ வைத்து, 12 வோல்ட் பம்பு ஒன்றைப் பூட்டி, ஓஸ், ஃபில்டர், நாசில் என்று நாமே ஒரு செட் கட்டிக்கொள்கிறோம். கட்டுவது பெரிய வேலை இல்லை. கட்டிய செட்டை இந்த உப்புக்காற்றிலும் மணலிலும் ஓட வைப்பதுதான் வேலை.

செட் நின்றுபோனால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பம்பை. புதுப் பம்பு வாங்கிப் பூட்டி, அதுவும் அதே மாதிரி நின்ற பிறகுதான் வேறு எதையாவது பார்ப்பார்கள். காற்று இழுக்கும் ஓஸ், பச்சை பூத்த எர்த் வயர், திறக்காத பேரல் மூடி இந்த மூன்றையும் பார்க்காமல் பம்பில் கை வைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

கோளாறுக்குள் போவதற்கு முன் ஒரு விஷயம். இதெல்லாம் டீசலுக்கு மட்டும். இதே பம்பில் பெட்ரோல் இழுக்கவே கூடாது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பொறி பறந்துகொண்டே இருக்கும், பெட்ரோல் ஆவிக்கு அந்தப் பொறி போதும். பெட்ரோல் வண்டிக்காரர்கள் கையால் இயக்கும் சிஃபன் ஓஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘டீசல் அவ்வளவு லேசில் பிடிக்காது’ என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று: நம் ஊர் பங்க் டீசலுக்குத் தரக் கட்டுப்பாடு சொல்லும் குறைந்தபட்சத் தீப்பற்று நிலையே (ஆவி ஒரு பொறி பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பம்) 35 டிகிரிதான். சித்திரை வெயிலில் மதியம் ஜீப்பின் பின்பக்கத் தகட்டில் நிற்கும் பேரல் அதைத் தாண்டிவிடும். பீடி, சிகரெட் தூரத்தில் இருக்கட்டும், ஒரு பவுடர் தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

சட்டம் பற்றியும் கேட்பார்கள். 1934 பெட்ரோலியம் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர்தான். டீசலுக்கு அந்த வரம்பு 2,500 லிட்டர், ஆகவே ஒரு பேரல் டீசல் வைத்திருப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் மீன்பிடிப் படகுகளுக்கு வரி விலக்கில் வரும் டீசலை ஜீப்பில் ஊற்றுவது வேறு கதை. அது படகுக்கு உரியது, கேட்டு வாங்கவும் வேண்டாம், கொடுத்தால் வாங்கவும் வேண்டாம்.

மோட்டார் சுற்றுகிறது, ஒரு சொட்டுக்கூட வரவில்லை

முதலில் பேரல் மூடியைப் பாருங்கள். 200 லிட்டர் பேரலில் இரண்டு இஞ்சில் ஒன்று, முக்கால் இஞ்சில் ஒன்று என இரண்டு மூடி இருக்கும். பெரியதில் குழாய் இறங்கும், சின்னது காற்று உள்ளே போவதற்கு. மணல் விழும் என்று பயந்து சின்ன மூடியை இறுக்கியே வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் உள்ளே வெற்றிடம் ஆகிப் பம்பால் இழுக்க முடியாமல் போகும். பிளாஸ்டிக் கேனாக இருந்தால் கேன் உள்வாங்குவது கண்ணுக்கே தெரியும், இரும்புப் பேரலில் தெரியாது. மூடியைத் திறந்ததும் ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் விஷயம் முடிந்தது.

அப்புறம் கேனுக்குள் எட்டிப் பாருங்கள். டீசலுக்குள் குமிழி வருகிறதா? வந்தால் பிளஸ் மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள், பம்பு திருப்பிச் சுற்றி காற்றைக் கேனுக்குள் ஊதுகிறது. வயரை மாற்றினால் போதும்.

இரண்டும் இல்லையென்றால் காற்று இழுக்கிறது என்றுதான் அர்த்தம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பம்புக்கு அப்பால், அதாவது நாசில் பக்கம், ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும், நாம் கண்டுபிடித்துவிடுவோம். பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஓஸ் முழுக்கக் காய்ந்து சுத்தமாக இருக்கும், ‘கசிவே இல்லையே’ என்று நாம் திருப்தியாக இருப்போம்.

இதைப் பிடிக்க ஒரு வழி. பம்பின் உறிஞ்சும் வாயில் இருக்கும் ஓஸைக் கழற்றிவிட்டு, அரை டம்ளர் டீசலைப் பம்புக்குள் ஊற்றி, ஒரு அடி நீள நல்ல ஓஸை மாட்டி, அதன் மறுமுனையை ஒரு வாளி டீசலில் நேராக முக்கி ஓட விடுங்கள். சர்ரென்று இழுத்தால் பம்பு நன்றாக இருக்கிறது, குற்றம் முழுக்கப் பேரலுக்கும் பம்புக்கும் இடையில். இழுக்கவில்லையென்றால்தான் பம்பைத் திறக்க வேண்டும். இந்த வகைப் பம்பில் நடுவில் ஒரு உருளையும், அதன் பள்ளங்களில் வெளியே வந்து உள்ளே போகும் சின்னத் தகடுகளும் இருக்கும். மணல் ஒரு சிட்டிகை போனால் தகடு பள்ளத்திலேயே இறுகி நின்றுவிடும். முன்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, தகடுகள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, டீசலிலேயே கழுவி மாட்டுங்கள். உப்புத் தாள் போட வேண்டாம், தகடு தேய்ந்தால் இழுவை போய்விடும். ஓ ரிங்கை மடங்காமல் உட்கார வைப்பதில்தான் பொறுமை வேண்டும், அது மடங்கினால் அதுவே அடுத்த காற்று ஓட்டை.

பம்பு நல்லது என்று தெரிந்துவிட்டால் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். உறிஞ்சும் பக்கத்தில், பம்புக்கு முன்னால், ஒரு சாண் நீளத்துக்குத் தெளிந்த ஓஸ் வைத்திருந்தால் குமிழி ஓடுவது தெரியும். இல்லையென்றால் சோதனைக்காக ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். பம்பை ஓட விட்டுவிட்டு, ஒவ்வொரு கிளிப்பிலும் மரையிலும் கெட்டி கிரீஸைத் தாராளமாக அப்பிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் அப்பியதும் குமிழி நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற மெல்லிய வெள்ளை டெஃப்லான் டேப்பை வைத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அதன் நார் பிய்ந்து உள்ளே போய்த் தகட்டில் சிக்கும். டீசல் தாங்கும் திரவ சீலன்ட் போடுங்கள்.

ஓஸ் வகையும் இங்கேதான் காட்டிக்கொடுக்கும். ஹார்டுவேர் கடையில் தோட்டத்துக்கு விற்கும் ஓஸ் வெயிலில் இளகி, உள்ளே வெற்றிடம் ஆனதும் பப்படம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். காலையில் வேலை செய்து மதியத்தில் மட்டும் மக்கர் பண்ணுகிற செட் என்றால் முதல் சந்தேகம் இதுதான். உள்ளே கம்பிச் சுருள் வைத்த, டீசலுக்கான நைட்ரைல் ரப்பர் ஓஸ் வாங்குங்கள், முக்கால் இஞ்சுக்குக் குறையாமல். பேரலுக்குள் இறங்கும் குழாயின் முனையை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டுங்கள், இல்லையென்றால் முனை அடித்தகட்டோடு ஒட்டிக்கொண்டு தானே அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக உயரம். பம்பு ஜீப்பிலும் பேரல் கீழே பள்ளத்திலும் இருந்தால், டீசல் மட்டத்துக்கும் பம்புக்கும் இடையே இரண்டு மீட்டரைத் தாண்ட விடாதீர்கள். அதற்கு மேல் இந்தச் சின்னப் பம்புகள் தடுமாறும். பம்பைக் கீழே இறக்கி வையுங்கள், தள்ளுவது அதற்குச் சுலபம், இழுப்பதுதான் கஷ்டம்.

வருகிறது, ஆனால் நூல் மாதிரி வருகிறது

நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் பம்பு, ஃபில்டரும் நாசிலும் மாட்டிய பிறகு அவ்வளவு தராது, அது இயல்பு. ஆனால் ஒரு 20 லிட்டர் கேனுக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகிறதென்றால் எங்கோ அடைப்பு, அல்லது மின்சாரம் போதவில்லை.

ஃபில்டரைக் கழற்றிவிட்டு, டேங்குக்குள் இல்லை, ஒரு கேனுக்குள் ஓட்டிப் பாருங்கள். வேகம் வந்துவிட்டால் ஃபில்டரை மாற்றுங்கள். வரவில்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் டெர்மினலில் அளக்க வேண்டும். ஓடாதபோது அளந்தால் 12.6 காட்டி உங்களைச் சமாதானப்படுத்தும், ஓட விட்டதும் பத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். 40 லிட்டர் பம்பு 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். பானெட்டில் இருக்கும் பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை நான்கு மீட்டர், போக வர எட்டு மீட்டர். வீட்டு வயரிங்கில் மிச்சமான 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரைப் போட்டால் 18 ஆம்பியரில் அந்த வயரிலேயே 1.7 வோல்ட் போல தின்னுவிடும், 2.5 ஸ்கொயரில் ஒரு வோல்ட், 6 ஸ்கொயரில் அரை வோல்ட்டுக்கும் குறைவு. 6 ஸ்கொயர் போடுங்கள், காசைப் பார்க்காதீர்கள். வயர் சூடாவதையும் கையால் தொட்டே தெரிந்துகொள்ளலாம்.

‘எஞ்சினை ஓட விட்டால் வேகமாக வருகிறதே’ என்பார்கள். வரும்தான், ஆல்டர்னேட்டர் வோல்ட்டைத் தூக்குகிறது. ஆனால் தன் டேங்குக்கே டீசல் ஊற்றும்போது எஞ்சினை ஓட விட வேண்டிய தேவையே இல்லை. இரண்டு மூன்று நிமிடம் 18 ஆம்பியர் இழுத்தால் ஒரு ஆம்பியர்-ஹவர்கூட ஆகாது, நல்ல பேட்டரிக்கு அது தூசு.

சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை

தனுஷ்கோடிப் பக்கம் இரண்டு பக்கமும் கடல் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி நிறுத்திவைத்த வண்டி என்றால் எனக்கு மல்டிமீட்டர்கூட வேண்டாம், எர்த் லக்கைத்தான் (எர்த் வயரின் முனையில் அடித்திருக்கும் உலோகக் காது) முதலில் கழற்றுவேன். (அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்த பிறகு அங்கே போக ஜீப்பே தேவையில்லை, கேன் எதற்கு என்பது வேறு.) பாடியில் போல்ட் போட்டு எர்த் எடுத்திருந்தால் பெயின்டுக்கும் லக்குக்கும் நடுவே துரு ஏறியிருக்கும். பம்பின் மைனஸையும் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோய்விடுங்கள். நம் கடலோரத்தில் பாடி எர்த்தை நம்புவது வீண்.

லக் பளபளவென்று இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். லக்குக்குள் போகும் இடத்தில் வயரின் மேலுறையை இரண்டு இஞ்ச் சீவிப் பாருங்கள். செம்பு நிறமாக இருக்க வேண்டும். கறுத்தோ பச்சைப் பொடியாகவோ இருந்தால் உப்பு ஈரம் வயருக்குள்ளேயே ஏறிவிட்டது, நல்ல செம்பு வரும் வரை வெட்டித் தள்ளிப் புது லக் அடிக்க வேண்டும். அடித்த பிறகு உள்ளே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி மூடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதற்குத்தான் உதவும். படகு சாமான் விற்கும் கடைகளில் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், இந்தக் காற்றுக்கு அதுதான் தாங்கும்.

ரிலேயிலிருந்து ‘டக்’ என்று சத்தம் வந்தும் பம்பு ஓடவில்லையென்றால் ரிலே காலில் அல்லது ஃபியூஸ் பிடியில் பச்சை இருக்கும். ‘டக்’கே இல்லையென்றால் சுவிட்ச். பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துச் சோதிப்பதாக இருந்தால் பொறி பறக்கும் முனை பேட்டரிப் பக்கமே இருக்கட்டும், திறந்த பேரல் பக்கம் வேண்டாம்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். 20 ஆம்பியர் பம்புக்கு 25, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். அது போகிறதென்றால் ஒன்று, தகட்டில் மணல் இறுகி மோட்டார் திணறுகிறது. இன்னொன்று, வயர் எங்கோ தகட்டு விளிம்பில் உரசி உரிந்திருக்கிறது. பம்பு வயரைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். அப்போதும் போனால் வயர், போகவில்லையென்றால் பம்பு.

அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத் தானே நின்று, ஆறியதும் மறுபடி ஓடினால் அது கோளாறே இல்லை. இந்தப் பம்புகளைத் தொடர்ந்து சுமார் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பக்கத்து வண்டிகளுக்கெல்லாம் வரிசையாக ஊற்றிக் கொடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் இது வரும்.

நாசில் பாதியிலேயே ‘டக்’ என்று மூடிக்கொள்கிறது, அல்லது மூடவே மாட்டேன் என்கிறது

ஆட்டோ நாசிலின் முனையில் ஒரு சின்னத் துளை இருக்கும். டீசல் ஓடும்போது அந்தத் துளை வழியாகக் காற்று இழுபட்டுக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்து துளையை டீசல் மூடியதும் உள்ளே இழுவை கூடி லீவர் விடுபடும். ஆகவே துளையில் மணலோ உப்போ அடைத்தால் டேங்க் காலியாக இருக்கும்போதே மூடிக்கொள்ளும், மெல்லிய கம்பியால் குத்தி ஊதினால் சரியாகும். துளை சுத்தமாக இருந்தும் மூடினால், டேங்கின் காற்றுக் குழாய் அடைத்து டீசல் எதிர்த்துத் தெறிக்கிறது. நாசிலைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சாய்த்துப் பிடித்து, லீவரை முழுக்க அழுத்தாமல் ஊற்றுங்கள்.

மூடவே மாட்டேன் என்பதற்குக் காரணம் பெரும்பாலும் மெல்லிய ஓட்டம். ஓட்டம் பலவீனமாக இருந்தால் அந்த இழுவையே உண்டாகாது. பம்பு இல்லாமல் பேரலை உயரத்தில் வைத்து வெறும் சரிவில் ஓட்டுபவர்களுக்கு ஆட்டோ நாசில் வீண் செலவு, சாதாரண லீவர் நாசில் வாங்கி, கண்ணை டேங்கின் கழுத்திலிருந்து எடுக்காமல் ஊற்றுங்கள்.

அணைத்த பிறகும் சொட்டுகிறதென்றால் பேரல் டேங்கைவிட உயரத்தில் இருக்கிறது, சிஃபன் தானே ஓடுகிறது. பேரல் வாயிலேயே ஒரு பால் வால்வு போடுங்கள்.

ஊற்றிய பிறகு வண்டி திணறுகிறது, வெள்ளைப் புகை

இது செட்டின் கோளாறு இல்லை, டீசலுக்குள் போன தண்ணீரின் கோளாறு. செலவு வைப்பதும் இதுதான்.

தண்ணீர் எப்படிப் போகிறது? யாரும் ஊற்றுவதில்லை. நிமிர்த்தி வைத்த பேரலின் மேல் தகடு ஒரு தட்டு மாதிரி, விளிம்புக்குள் மழைத் தண்ணீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே காற்று விரிந்து மூடி வழியே வெளியேறும், ராத்திரி குளிர்ந்ததும் திரும்ப உறிஞ்சும். அப்போது மூடியைச் சுற்றித் தேங்கி நிற்கும் தண்ணீரையும் சேர்த்தே உறிஞ்சும். ஐப்பசி கார்த்திகையில் வெளியே நிற்கும் பேரலைப் படுக்க வைத்து, இரண்டு மூடியும் கிடைமட்டமாக, டீசல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி உருட்டி வையுங்கள். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, மூடிகளில் தண்ணீர் எட்டாத மாதிரி வையுங்கள். பாதி காலியான பேரலின் உள்சுவரிலேயே ஈரக்காற்று வியர்த்துச் சொட்டும், அதனால் பாதிப் பேரலை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

சோதனை எளிது. பேரலின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே பழுப்பாக, கோழை மாதிரி ஒரு படலம் இருந்தால் நுண்ணுயிர் வளர்ந்துவிட்டது. அந்தப் பேரல் டீசலை வடிகட்டிக்கூட ஊற்றாதீர்கள், ஃபில்டரை மாற்றி மாற்றியே காசு கரையும். உறிஞ்சும் குழாயை அடியிலிருந்து இரண்டு இஞ்ச் மேலே நிறுத்துவதும், பம்புக்கு அடுத்துத் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று வைத்து அதன் அடித்திருகை அடிக்கடி திறந்து வடிப்பதும் இதற்காகத்தான். நாகம் பூசிய ஜி.ஐ. ஃபிட்டிங்கும் இந்தக் கணக்கில்தான் வரும். டீசல் நாகத்தோடு சேர்ந்து ஒரு பிசுக்கை உண்டாக்கும், அது போய் உட்காருவது இன்ஜெக்டரில். பிளெய்ன் இரும்பு, அலுமினியம், ஸ்டெயின்லெஸ் போதும்.

ஏற்கெனவே டேங்குக்குள் போய்விட்டதென்றால் வண்டியை ஓட்டிக்கொண்டே ஊர் சேர்ந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பழைய மஹிந்திரா எம்.எம்.540 மாதிரி ஜீப் என்றால் டேங்க் வடித்து, ஃபில்டர் மாற்றி, ஏர் திருகைத் தளர்த்தி கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) அப்படிச் செய்ய முடியாது. அதன் உயர் அழுத்தக் குழாயில் ஆயிரம் பார் தாண்டும் அழுத்தம் இருக்கும், அந்த நட்டைத் தளர்த்தினால் வரும் டீசல் பீய்ச்சு தோலைக் கிழித்து உள்ளே போகும். டேங்கையும் தண்ணீர் பிரிப்பானையும் வடிப்பதோடு நிறுத்தி, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். பி.எஸ். 6 வண்டிக்காரர்கள் நீல மூடி டெஃப் கேனை (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியாக் கரைசல்) டீசல் கேன்களோடு சேர்த்து அடுக்காமல் இருந்தால் இன்னொரு வம்பும் மிச்சம்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, பம்பு நிஜமாகவே போய்விட்டது, வண்டி காட்டுக்குள்

வாயால் உறிஞ்சாதீர்கள். கரையில் ஆளாளுக்குச் செய்வார்கள், ‘ஒண்ணும் ஆகாது தம்பி’ என்றும் சொல்வார்கள். டீசல் வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போவதுதான் ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எடுக்கும்போதுதான் நுரையீரலுக்குள் போகும். இருமல் நிற்காமல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கு வரும், கையால் அமுக்கும் ரப்பர் பல்பு ஒன்றை ஜீப்பில் போட்டு வையுங்கள், ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் படகு சாமான் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கேனைப் பானெட் மேலோ கூரை மேலோ ஏற்றுங்கள், 20 லிட்டர் 17 கிலோ போல இருக்கும். பல்பின் மேல் அம்புக்குறி போட்டிருக்கும், அது டேங்கைப் பார்த்து இருக்கட்டும். பல்பைச் சில தடவை அமுக்கினால் ஓஸ் நிறைந்து தானே ஓடத் தொடங்கும். கேனின் டீசல் மட்டம் டேங்கின் கழுத்தைவிட உயரத்தில் இருக்கும் வரை ஓடும், இடையில் காற்று புகுந்து நின்றால் மறுபடி அமுக்க வேண்டும். நிறுத்த வேண்டும் என்றால் கேன் பக்கத்து முனையை டீசலுக்கு மேலே தூக்குங்கள், ஓஸில் இருப்பது டேங்குக்குள்ளேயே வடிந்துவிடும்.